‘புது டீச்சர் எப்படி?’: முதல் வகுப்பின் அறிவியல்

எம்.ஐ.டி. என்று உலகம் அறிந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களுக்கு ஒருநாள் வழக்கமான ஆசிரியர் வரவில்லை. இன்று வேறொருவர் வகுப்பெடுப்பார் என்று சொல்லி, அவரைப் பற்றிய சிறு குறிப்பை ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார்கள். 26 வயது, ராணுவத்தில் இருந்தவர், மணமானவர், உழைப்பாளி, காரியத்தில் உறுதியானவர் என்றெல்லாம் அதில் இருந்தது. எல்லாத் தாள்களும் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் ஒரே ஓர் இடம் மட்டும் மாறியிருந்தது. சிலருடைய தாளில் அவர் மிகவும் அன்பாகப் பழகுகிறவர் என்றும், மற்றவர்களுடைய தாளில் அவ்வளவாக ஒட்டிப் பழகாதவர் என்றும் எழுதியிருந்தது. இந்த வேறுபாடு மாணவர்களுக்குத் தெரியாது.

ஆசிரியர் வந்தார், 20 நிமிடம் கலந்துரையாடல் நடத்தினார், புறப்பட்டுப் போனார். பிறகு அவரைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்டார்கள். அன்பானவர் என்று படித்திருந்தவர்கள் அவரைக் கரிசனமுள்ளவர், கலகலப்பானவர், நகைச்சுவை உணர்வுள்ளவர் என்று மதிப்பிட்டார்கள். ஒட்டாதவர் என்று படித்திருந்தவர்களுக்கு அதே மனிதர் இறுக்கமானவராகத் தெரிந்தார். ஒரே அறை, ஒரே ஆள், ஒரே பேச்சு. இதைவிட முக்கியமான இன்னொன்றும் நடந்தது. முதல் வகையினரில் 56 சதவீதம் பேர் அந்தக் கலந்துரையாடலில் வாய் திறந்து பேசினார்கள். இரண்டாம் வகையினரில் 32 சதவீதம் பேர்தான் பேசினார்கள்.

ஹெரால்ட் கெல்லி என்ற உளவியலாளர் 1950இல் வெளியிட்ட ஆய்வு இது. ஆசிரியரைப் பற்றி மாணவர் மனத்தில் முதலில் விழும் பதிவு அவருடைய நற்பெயரோடு நின்றுவிடுவதில்லை, மாணவர் கேள்வி கேட்பாரா, மாட்டாரா என்பதுவரை போகிறது என்பதை இந்த ஒரு ஆய்வே காட்டிவிடுகிறது. முதல் நாள் வகுப்பைப் பொருட்படுத்த வேண்டியதற்குக் காரணம் இதுதான்.

மாணவர் முதலில் எதைப் பார்க்கிறார்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கேள்வி ஓடும். “புது சார் எப்படிடா?” “மிஸ் ஸ்ட்ரிக்ட்டா?” ஆசிரியர் என்ன படித்திருக்கிறார், எத்தனை வருட அனுபவம் என்று எந்தப் பிள்ளையும் முதலில் கேட்பதில்லை. இவர் நம் பக்கமா, நம்மைச் சிறுமைப்படுத்துவாரா என்பதுதான் அவர்களுக்கு உடனே தெரிய வேண்டும்.

பிள்ளைகள் விவரமில்லாமல் இப்படிக் கேட்பதாக நினைத்துவிட வேண்டாம். எல்லா மனித மனமும் இந்த வரிசையில்தான் இயங்குகிறது. கெல்லியின் சோதனைக்கு அடிப்படையாக இருந்தவர் சாலமன் ஆஷ். அவர் 1946இல், முகம் தெரியாத ஒருவரைப் பற்றிச் சில குணங்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்து, அவர் எப்படிப்பட்டவராக இருப்பார் என்று கேட்டார். அறிவாளி, திறமைசாலி, உழைப்பாளி என்ற பட்டியலில் அன்பானவர், ஒட்டாதவர் என்ற ஒன்றை மட்டும் மாற்றியபோது மனிதரின் முழுச் சித்திரமே மாறியது. அதே இடத்தில் பணிவானவர், முகத்துக்கு நேரே பேசுபவர் என்று மாற்றியபோது அப்படிப் பெரிய மாற்றம் எதுவும் வரவில்லை. எல்லாக் குணங்களுக்கும் மனம் ஒரே எடை தருவதில்லை; அன்பு என்ற குணம் மற்றவற்றின் பொருளையும் சேர்த்து மாற்றிவிடுகிறது. அன்பானவரின் கண்டிப்பு அக்கறையாகத் தெரியும். ஒட்டாதவரின் அதே கண்டிப்பு பகையாகத் தெரியும்.

வரிசைக்கும் எடை உண்டு என்று ஆஷ் காட்டினார். அறிவாளி, உழைப்பாளி என்று நல்ல குணங்களில் தொடங்கி பிடிவாதம், பொறாமை என்று முடியும் பட்டியலைக் கேட்டவர்கள் அந்த மனிதரை நல்லவிதமாக நினைத்தார்கள். அதே குணங்களைத் தலைகீழாகச் சொன்னால் மதிப்பு இறங்கியது. முதலில் வருவது, பின்னால் வருவதைப் படிக்கும் கண்ணாடியாக ஆகிவிடுகிறது.

இந்த முடிவு எவ்வளவு வேகமாக எடுக்கப்படுகிறது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத முகங்களை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். அதற்குள்ளாகவே இவரை நம்பலாமா என்று பார்த்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். வேண்டிய மட்டும் நேரம் கொடுத்துப் பார்க்கவைத்தபோதும் தீர்ப்பு ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. கூடுதல் நேரம், தங்கள் தீர்ப்பின் மேல் அவர்களுக்கு இருந்த உறுதியைத்தான் கூட்டியது.

முப்பது நொடி ஓசையில்லாப் படம்

ஆசிரியரைப் பற்றிய முதல் பதிவு என்றாலே ஆய்வுலகம் நினைவுகூரும் பெயர் நளினி அம்பாடி. கொல்கத்தாவில் பிறந்து, டெல்லியில் பட்டப்படிப்பு முடித்து, ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர். ஸ்டான்போர்டில் பேராசிரியராக இருந்து 2013இல் ரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவரும் ராபர்ட் ரோசந்தாலும் 1993இல் வெளியிட்ட ஆய்வு மிக எளிமையானது. ஹார்வர்டில் பாடம் நடத்திய 13 இளம் ஆசிரியர்களின் வகுப்புகளைப் படம்பிடித்தார்கள். ஒவ்வொருவருக்கும் 10 நொடித் துண்டுகள் மூன்று. ஒலியை நீக்கிவிட்டார்கள். அந்த ஆசிரியர்களை முன்பின் பார்த்திராத ஒன்பது மாணவிகளிடம் அவற்றைக் காட்டி, இவர் உற்சாகமானவரா, தன்னம்பிக்கை உள்ளவரா, அன்பானவரா என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள்.

பருவம் முழுக்க அவர்களிடம் படித்த மாணவர்கள் இறுதியில் கொடுத்த மதிப்பீட்டோடு இந்த மதிப்பெண்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போயின. இரு மதிப்பீடுகளுக்கும் இடையிலான தொடர்பு 0.76. முழு ஒற்றுமை என்றால் 1, எந்தத் தொடர்பும் இல்லை என்றால் 0 என்ற அளவுகோலில் இது மிகப் பெரிய எண். துண்டுகளை ஐந்து நொடியாகவும் இரண்டு நொடியாகவும் குறைத்துப் பார்த்தபோதும் தொடர்பு அற்றுப்போகவில்லை. பள்ளி ஆசிரியர்களை வைத்து, தலைமையாசிரியர் தந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோதும் இதே போக்குதான் தெரிந்தது.

அழகு இதற்கு விளக்கமாக அமையவில்லை. தோற்றக் கவர்ச்சியைத் தனியே அளந்து கழித்த பிறகும் தொடர்பு நீடித்தது. பார்த்தவர்களின் கண்ணில் பட்டவை சின்னச் சின்ன அசைவுகள். குறைந்த மதிப்பீடு பெற்ற ஆசிரியர்கள் கையை நோண்டினார்கள், கையில் இருந்த பொருளை உருட்டிக்கொண்டிருந்தார்கள், முகத்தைச் சுளித்தார்கள். நல்ல மதிப்பீடு பெற்றவர்களிடம் உற்சாகமும் ஈடுபாடும் உடலிலேயே தெரிந்தன. இவர் இங்கே இருக்க விரும்புகிறார் என்பது, அவர் பேசும் ஒரு சொல்லைக்கூடக் கேட்காதவர்களுக்கும் புரிந்தது.

ஏன் அழியாமல் நிற்கிறது?

முதல் நாள் எண்ணம் தவறாக இருந்தால் பின்னால் வரும் இருநூறு வகுப்புகள் அதைத் திருத்திவிடாதா? பெரும்பாலும் திருத்துவதில்லை. இதன் காரணத்தை 1947லேயே தியடோர் நியூகோம்ப் என்ற சமூக உளவியலாளர் கவனித்திருந்தார். ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். பேச்சு குறைந்தால் அவரைப் பற்றிய புதுச் செய்தி வருவதும் குறைகிறது. ஆகவே எண்ணத்தைத் திருத்தும் வாய்ப்பே அமைவதில்லை.

வகுப்பறையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். கணக்கு ஆசிரியர் கடுகடுப்பானவர் என்று ஒரு மாணவி முதல் நாளே முடிவுகட்டிவிடுகிறாள். அவளால் வகுப்பைவிட்டு வெளியே போக முடியாது. ஆனால் சந்தேகம் கேட்காமல் இருக்க முடியும். கேட்காததால் அந்த ஆசிரியர் எவ்வளவு பொறுமையாக விளக்குவார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவராது. ஆசிரியரும், “இந்தப் பொண்ணு வாயே திறக்காது” என்று எண்ணி, கேள்வியை வேறு பிள்ளைகளிடம் கேட்கத் தொடங்குவார். இரண்டு பேரும் தங்கள் கணிப்பு சரி என்றே வருடம் முழுக்க நம்புவார்கள். கெல்லியின் 56, 32 என்ற எண்கள் 20 நிமிடத்தில் உண்டான இடைவெளி. ஒரு கல்வியாண்டில் அது எங்கே போய் நிற்கும் என்று ஆசிரியர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

சிரித்தால் தலையில் ஏறிவிடுவார்களா?

“முதல் நாளே சிரிச்சிடாதீங்க சார், அப்புறம் தலையில ஏறி உட்கார்ந்துக்குவானுங்க.” புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியருக்கு ஓய்வறையில் கிடைக்கும் முதல் அறிவுரை இது. அமெரிக்காவிலும் இதே அறிவுரை உண்டு. கிறிஸ்துமஸ் வரை சிரிக்காதே என்பார்கள். கெவின் ரயன் 1970இல் தொகுத்த, புதிய ஆசிரியர்களின் முதலாண்டு அனுபவ நூலுக்கு அதுவே தலைப்பு. இந்த அறிவுரையில் ஒரு பாதி உண்மை, மறுபாதி ஆபத்து.

உண்மையான பாதி, முதல் நாட்களில்தான் ஒழுங்கு நிலைபெறுகிறது என்பது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்மண்ட் எம்மர், கேரலின் எவர்ட்சன், லிண்டா ஆண்டர்சன் மூவரும் 27 மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த நாளிலிருந்தே வகுப்பில் உட்கார்ந்து கவனித்தார்கள். 1980இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஆண்டு முழுவதும் வகுப்பைச் சீராகக் கொண்டுபோனவர்கள் முதல் வாரங்களில் நடைமுறைகளையே ஒரு பாடமாக நடத்தினார்கள். தண்ணீர் குடிக்கப் போக எப்படி அனுமதி கேட்பது, நோட்டை எங்கே வைப்பது, குழுவாக வேலை செய்யும்போது எவ்வளவு சத்தம் இருக்கலாம் என்பதையெல்லாம் சொன்னார்கள், செய்துகாட்டினார்கள், பிள்ளைகளைச் செய்யவைத்துத் திருத்தினார்கள். சிரமப்பட்ட ஆசிரியர்களிடமும் விதிகள் இருந்தன. ஆனால் அவை தெளிவில்லாமல் இருந்தன. அல்லது சொன்னதோடு விட்டுவிட்டார்கள்.

ஆபத்தான பாதி, ஒழுங்கு கடுமையிலிருந்து வரும் என்ற நம்பிக்கை. ஜேக்கப் கூனின், பால் கம்ப் இருவரும் 1958இல் மழலையர் வகுப்புகளின் முதல் நாட்களை ஆராய்ந்தார்கள். ஆசிரியர் ஒரு குழந்தையைக் கண்டிக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்கும் மற்றக் குழந்தைகள் என்ன ஆகிறார்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி. என்ன தவறு, அதற்குப் பதில் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் தெளிவாகச் சொன்னபோது, பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளும் ஒழுங்குக்கு வந்தார்கள். கோபமாக, முரட்டுத்தனமாகக் கண்டித்தபோது ஒழுங்கு கூடவில்லை. குழந்தைகள் மிரண்டார்கள், செய்துகொண்டிருந்த வேலையில் கவனம் சிதறினார்கள். கண்டிப்பின் அலை முதல் நாளில் மிக வேகமாகப் பரவியது என்பதையும் அவர்கள் கண்டார்கள். முதல் நாள் ஒரு பிள்ளையைத் திட்டினால் வகுப்பு முழுவதும் திட்டு வாங்குகிறது என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, அன்பும் ஒழுங்கும் ஒன்றுக்கொன்று எதிரி என்ற எண்ணத்துக்கு ஆதாரம் இல்லை. தெளிவுதான் ஒழுங்கைத் தருகிறது. தெளிவாக இருக்க முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பிரம்போடு முதல் நாள் வகுப்புக்குள் நுழையும் வழியைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு ஏற்கெனவே மூடிவிட்டது. உடல் தண்டனையை மட்டுமல்லாமல் மனத்தைத் துன்புறுத்துவதையும் அது தடைசெய்கிறது. சட்டம் சொல்வதை ஆய்வும் சொல்கிறது.

நல்ல பதிவு வேறு, நல்ல கற்பித்தல் வேறு

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அம்பாடியின் ஆய்வு அளந்தது மாணவர்கள் தந்த மதிப்பீட்டை. அவர்கள் எவ்வளவு கற்றார்கள் என்பதை அல்ல. இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவோம்.

ஷானா கார்ப்பென்டர் தலைமையிலான குழு 2013இல் இதைத் தெளிவாக்கியது. ஒரே பாடக் குறிப்பு, ஒரே ஆசிரியர், இரண்டு காணொளிகள். ஒன்றில் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, தடையில்லாமல் பேசினார். மற்றதில் குனிந்து குறிப்பைப் பார்த்து, தயங்கித் தயங்கிப் படித்தார். முதல் காணொளியைப் பார்த்தவர்கள் தங்களுக்கு நிறைய நினைவிருக்கும் என்று உறுதியாகச் சொன்னார்கள். தேர்வு வைத்தபோது இரு குழுக்களும் ஏறக்குறைய ஒரே அளவுதான் நினைவில் வைத்திருந்தன.

அமெரிக்க விமானப்படைக் கல்விக்கழகத்தில் ஸ்காட் காரெல், ஜேம்ஸ் வெஸ்ட் 2010இல் செய்த ஆய்வு இன்னும் ஆழமானது. அங்கே மாணவர்கள் எந்த ஆசிரியரிடம் படிப்பது என்பது குலுக்கல்போல முடிவாகிறது. எல்லோருக்கும் பொதுவான தேர்வு. அதனால் ஒப்பிடுவதற்கு அது நல்ல இடம். அறிமுகக் கணக்குப் பாடத்தில் மாணவர்களின் பாராட்டைப் பெற்ற ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஆனால் அதைத் தொடர்ந்து வரும் உயர்நிலைக் கணக்குப் பாடங்களில் அவர்கள் பின்தங்கினார்கள்.

முதல் பதிவு, மாணவர் கேள்வி கேட்க வரும் வழியைத் திறந்துவைக்கிறது. அவர் வந்த பிறகு கற்றுத்தர வேண்டியதை ஆசிரியர்தான் கற்றுத்தர வேண்டும். ஆடல் பாடலோடு முதல் வகுப்பை நடத்திவிட்டு இரண்டாம் வாரத்திலிருந்து புத்தகத்தை வரிவரியாக வாசிப்பவரும், முதல் வகுப்பில் திணறிவிட்டு வருடம் முழுக்க உழைத்துச் சொல்லித்தருபவரும் நம் பள்ளிகளில் உண்டு. இரண்டாமவரை நாம் இழந்துவிடக் கூடாது.

ஆசிரியர் மனத்தில் விழும் பதிவு

இதுவரை மாணவர் ஆசிரியரைப் பார்ப்பதைப் பற்றிப் பேசினோம். அதே மணி நேரத்தில் ஆசிரியரும் மாணவர்களைப் பார்த்து முடிவெடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது. ஏனென்றால் ஆசிரியரைப் பற்றி மாணவர் தவறாக நினைத்தால் ஒரு பாடம் போகும். மாணவரைப் பற்றி ஆசிரியர் தவறாக நினைத்தால் அந்தப் பிள்ளையின் தன்னம்பிக்கை போகும்.

எட்வர்ட் ஜோன்ஸும் அவருடைய சகாக்களும் 1968இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் 30 புதிர்களுக்கு விடை சொல்வதைப் பலர் பார்த்தார்கள். எல்லாச் சமயத்திலும் அவர் சரியாகச் சொன்னது 15தான். ஒரு குழுவின் முன் சரியான விடைகள் தொடக்கத்தில் அதிகமாக வந்தன. மற்றக் குழுவின் முன் முடிவில் அதிகமாக வந்தன. தொடக்கத்தில் சரியாகச் சொன்னவரைத்தான் புத்திசாலி என்று மக்கள் மதிப்பிட்டார்கள். அவர் 20க்கும் மேல் சரியாகச் சொன்னதாக நினைவுகூர்ந்தார்கள். படிப்படியாக முன்னேறியவருக்கு 12, 13தான் கொடுத்தார்கள். மெதுவாகத் தொடங்கி மேலே வரும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். நம் நினைவே அவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது.

அதே 1968இல் ராபர்ட் ரோசந்தாலும், கலிபோர்னியாவில் பள்ளி முதல்வராக இருந்த லெனோர் ஜேக்கப்சனும் தங்கள் புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். சில பிள்ளைகள் இந்த ஆண்டு சட்டென்று மலரப்போகிறார்கள் என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். உண்மையில் அந்தப் பெயர்கள் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கியவை. ஆண்டு முடிவில் முதல், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் நுண்ணறிவுச் சோதனையில் மற்றவர்களைவிடக் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வின் அளவீடுகள் பலத்த விமர்சனத்துக்கு உள்ளாயின. பின்னர் வந்த ஆய்வுகள் விளைவு சிறியது என்றன. அந்த விவாதத்திலிருந்து ஸ்டீபன் ராடன்புஷ் 1984இல் ஒரு முக்கியமான போக்கைக் கண்டெடுத்தார். 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஆசிரியருக்கு அந்தப் பிள்ளைகளை முன்பே இரண்டு வாரத்துக்கு மேல் தெரிந்திருந்தால், பிறர் சொன்ன முத்திரை ஏறக்குறைய வேலை செய்யவில்லை. பிள்ளைகளை அறியாத ஆசிரியரிடம்தான் அது ஒட்டிக்கொண்டது.

இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வும் இதே பக்கம் கைகாட்டுகிறது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் விடைத்தாள்களின் முகப்பில் மாணவரின் சாதி விவரத்தைத் தற்செயலாக மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, தாழ்த்தப்பட்டவர் என்று குறித்த தாள்களுக்குச் சற்றுக் குறைந்த மதிப்பெண் விழுந்தது. அந்தப் பாகுபாடு, திருத்தத் தொடங்கிய முதல் தாள்களில் அதிகமாக இருந்தது. முன்னால் இருக்கும் விடையை எப்படி மதிப்பிடுவது என்று பழகுவதற்கு முன், பேனா முத்திரையைப் பார்த்து நகர்ந்திருக்கிறது.

முதல் நாள் என்ன செய்யலாம்?

இவ்வளவு ஆய்வுகளும் ஆசிரியர் கையில் சில எளிய வேலைகளைத் தருகின்றன.

வாசலில் நின்று வரவேற்பது முதல் வேலை. கிளேட்டன் குக் குழுவினர் 2018இல் 10 நடுநிலை வகுப்புகளில் 203 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். வகுப்பு தொடங்கும் முன் ஆசிரியர் கதவருகே நின்று, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வரவேற்று, உள்ளே போனதும் செய்ய வேண்டியதையும் சொன்னார். பாடத்தில் ஈடுபடும் நேரம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது. இடையூறு 9 புள்ளிகள் குறைந்தது. இதற்குக் கருவியும் நிதியும் தேவையில்லை.

அடுத்தது பெயர். அறுபது பேர் உள்ள வகுப்பில் எல்லார் பெயரையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய முடியாதுதான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 185 பேர் இருந்த உயிரியல் வகுப்பொன்றில், மாணவர் தம் பெயரை மடித்த அட்டையில் எழுதி மேசைமேல் வைத்துக்கொள்ளச் செய்தார்கள். ஆசிரியர்களுக்கு உண்மையில் 53 சதவீதம் பேரின் பெயர்தான் தெரிந்திருந்தது. ஆனால் தம் பெயர் ஆசிரியருக்குத் தெரியும் என்று 78 சதவீதம் பேர் நம்பினார்கள். தங்களை மதிக்கிறார்கள் என்றும், உதவி கேட்கத் தயக்கம் இல்லை என்றும் மாணவர்கள் சொன்னார்கள். 2017இல் வெளியான இந்த ஆய்வின் முறையை எந்த ஊராட்சிப் பள்ளியிலும் ஒரு பழைய காலண்டர் அட்டையை வெட்டிச் செய்துவிடலாம். ரோல் நம்பர் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலாவது விட்டுவிடலாம்.

மூன்றாவது, சில விதிகளை மட்டும் சொல்லி அவற்றைச் செய்துகாட்டுவது. பதினைந்து ‘கூடாது’களைப் பலகையில் எழுதுவதைவிட, மூன்று ‘இப்படிச் செய்வோம்’களைப் பழக்குவது பலன் தரும். அன்றைக்கே பாடத்திலிருந்து ஒரு நல்ல பகுதியை உண்மையாகவே நடத்துவதும் அவசியம். இவரிடம் எனக்குப் புரிகிறது என்ற அனுபவத்தோடு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும்.

நான்காவது, செய்யக்கூடாதது ஒன்று. எழுந்து நின்று பெயர், அப்பா என்ன வேலை, போன வருட மார்க் எவ்வளவு என்று சொல்லும் சடங்கு நம் வகுப்புகளில் இன்னும் இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைகளைத் தீர்க்கக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது எல்லாச் சாதிச் சிறுவர்களும் ஒரே அளவு தீர்த்தார்கள். ஒவ்வொருவரின் தந்தை, பாட்டன் பெயரையும் சாதியையும் மற்றவர்கள் முன் வாசித்த பிறகு, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்களின் திறன் சரிந்தது. அவர்களுடைய அறிவு அந்தச் சில நிமிடங்களில் குறைந்துவிடவில்லை, சூழல் மாறியது. குடும்பத்தையோ பொருளாதார நிலையையோ வெளிக்காட்டும் எந்தக் கேள்வியையும் முதல் நாள் பொதுவில் கேட்கக் கூடாது. தெரிந்தாக வேண்டியதைத் தனியே, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

முதல் நாள் தவறிப்போனால்?

காய்ச்சலோடு வந்த நாள், வீட்டுக் கவலை, பயந்து குரல் நடுங்கிய நாள் என்று எந்த ஆசிரியருக்கும் முதல் வகுப்பு கைவிட்டுப் போகலாம். அதோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. தாமஸ் மான், மெலிசா பெர்குசன் இருவரும் 2015இல் இதை ஆராய்ந்தார்கள். ஒருவன் பக்கத்து வீடுகளை உடைத்துக்கொண்டு நுழைந்து, பொருட்களைச் சேதப்படுத்தி, மதிப்புள்ளவற்றை எடுத்துக்கொண்டு ஓடினான் என்று ஒரு கதை. படித்தவர்கள் அவனை வெறுத்தார்கள். பிறகு ஒரு செய்தி வந்தது: அந்த வீடுகள் தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தன, அவன் எடுத்துக்கொண்டு ஓடியது குழந்தைகளை. தம்மையறியாமலே தோன்றும் ஆழ்மனத் தீர்ப்பும் அக்கணமே மாறியது. முதல் சம்பவத்துக்கே வேறு பொருள் கிடைத்தால் பதிவு புரண்டுவிடும். தொடர்பில்லாத நல்ல செய்தி ஒன்றைச் சேர்ப்பதற்கு அந்த ஆற்றல் இல்லை. அதனால் முதல் நாள் அநியாயமாகக் கோபப்பட்ட ஆசிரியர் மறுநாள் மிட்டாய் கொடுப்பதைவிட, “நேற்று நான் கத்தினது தப்பு, உங்க மேல கோபம் இல்லை” என்று வகுப்பின் முன் சொல்லிவிடுவது மேல்.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் எழுதியபோது, இலக்கணத்துக்குள் நுழையும் முன் பொதுப்பாயிரத்தில் ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், பாடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று தனித்தனியே வகுத்தார். சினம் கொள்ளாமல், விருப்பத்தோடு, மலர்ந்த முகமாய், கேட்பவனால் எவ்வளவு ஏற்க முடியும் என்று அறிந்து சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த முறை. ஆஷும் கெல்லியும் கூனினும் ராடன்புஷும் தனித்தனியே அளந்து கண்டவற்றை அவர் ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறார்: முகமும் வேண்டும், கேட்பவரை அறிவதும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரும் கல்வியாண்டில் முதல் நாள் பிள்ளைகள் முன் எப்படித் தோன்றுவது என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை அவர்களை எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஒதுக்குங்கள். போன வருட ஆசிரியர், “அந்தக் கடைசி பெஞ்ச் தேறாது” என்று சொன்னால், இரண்டு வாரம் எனக்கே பார்க்க அவகாசம் கொடுங்கள் என்று கேளுங்கள். தலைமையாசிரியர்கள் பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே கொடுங்கள்; முத்திரைகளைக் கொடுக்காதீர்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு முறையாவது பெயர் சொல்லிப் பேசிவிட்டால், அந்த வகுப்பில் கேள்வி கேட்கத் துணியும் கைகள் நிச்சயம் கூடும்.